கேமராவை அசைத்தும், கேமராவே இல்லாமலும்: கேள்வி பதில்

கேள்வி: ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை மேலிருந்து கீழே இழுத்துப் பனந்தோப்பை எடுத்தேன். அரை நொடி, எஃப்/16 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்). எல்லாம் வெள்ளை!

பதில்: உச்சி வெயிலில் அந்த அளவுகளுக்குச் சரியான ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/100 நொடி. நீங்கள் 50 மடங்கு வெளிச்சம் விட்டிருக்கிறீர்கள். வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி64 ஃபில்டரை (6 ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதியாக்குவது) லென்ஸில் மாட்டுங்கள். அதே அரை நொடி போதும். ஃபில்டர் இல்லையென்றால் பொழுது சாயும்வரை பொறுங்கள்.

கேள்வி: இப்படிக் கேமராவை இழுத்து எடுத்தால் எனக்குக் கோடுகள் நெளிநெளியாக வருகின்றன.

பதில்: பட்டனை அழுத்துமுன்பே கையை நகர்த்தத் தொடங்கி, ஷட்டர் மூடிய பிறகே நிறுத்துங்கள். லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை அசைவை ஈடுசெய்யும் வசதி) அணைத்துவிடுங்கள்.

கேள்வி: சயனோடைப் தாளில் (வெயில் பட்டால் நீலமாகும் மருந்து பூசிய தாள்) வேப்பிலை வைத்து வெயிலில் காட்டினேன். கழுவியதும் நீலமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. மருந்து மோசமா?

பதில்: பெரும்பாலும் வெயில் போதாததுதான். நீலம் வந்ததுமே எடுத்திருப்பீர்கள். மூடாத பகுதி மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வரவேண்டும். கடிகாரத்தைவிட அந்த நிறத்தை நம்புங்கள்.

மருந்தின் அளவையும் சரிபாருங்கள்: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மி.லி. நீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மி.லி.யில். தனித்தனிப் பழுப்பு பாட்டில்களில் வைத்து, பூசும்போது மட்டும் சம அளவில் கலக்கவேண்டும். பூசிய தாள் இருட்டில் முழுக்கக் காயட்டும். ஈரம் இருந்தால் திட்டுத்திட்டாகும். சுண்ணாம்புச் சத்துள்ள தாளும் நீலத்தைத் தின்னும், சோப்புத் தண்ணீரும் அப்படியே. ஃபெரிசயனைடில் வலுவான அமிலம் மட்டும் படவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி: இலையின் ஓரம் மங்குகிறது.

பதில்: இலை தாளில் ஒட்டவில்லை. மேலே கண்ணாடி வைத்துக் கிளிப்பால் இறுக்குங்கள். 1843இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் இதே முறையில் கடற்பாசிகளைப் பதித்தது தாவரவியல் பதிவுக்காக. அங்கே ஓரம் கூர்மையாக இருந்தே ஆகவேண்டும். உருவம் தெளிவாகத் தெரியாத அருவப் படம்தான் வேண்டுமென்றால் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். இலையை ஒரு விரல்கடை உயர்த்தி, பாதி நேரத்தில் சற்றே நகர்த்துங்கள்: அடர்நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே இளநீல நிழல்கள் விழும். பிறகு இலையையே விட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரை வைத்துப் பாருங்கள்.