டாக்குமெண்ட் கண்ட்ரோல் வேலைக்கு வர நினைப்பவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கப்பலூர் பக்கம் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபைல் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவன் நான். அப்புறம் ஆறு வருஷம் வளைகுடாவில் ஒரு கட்டுமானப் புராஜெக்ட், இப்போது திரும்பவும் மதுரை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, நான் பி.காம்., திருமங்கலம். டாக்குமெண்ட் கண்ட்ரோல், ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மெண்ட் இரண்டும் ஒன்றுதானே? ஃபைல் அடுக்குகிற வேலைதானே?

இல்லம்மா. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விசேஷத்தை நினைத்துக்கொள். பத்திரிகை அடிக்கக் கொடுத்தால் பிரஸ்ஸில் புரூஃப் தருவார்கள், தாய்மாமன் பேர் விட்டுப்போச்சு என்று திருத்துவோம், முகூர்த்த நேரம் மாறும், கடைசியில் நாலாவது புரூஃப்தான் ஓகே ஆகும். இங்கே ஒரே கவலைதான், அச்சுக்குப் போவது அந்த நாலாவதாக இருக்க வேண்டும், மேஜையில் கிடக்கும் இரண்டாவது போய்விடக் கூடாது. பத்திரிகை டாக்குமெண்ட். மண்டப வாசலில் மொய் எழுதுகிறார்களே, அந்த நோட்டு ரெக்கார்டு. ஊர், பேர், தொகை என்று நடந்ததை நடந்தபடி எழுதியாகிவிட்டது, இனி அதற்கு அடுத்த ரிவிஷன், அதாவது திருத்திய பதிப்பு, கிடையாது. இருபது வருஷம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது எடுத்துப் பார்க்கக் கிடைக்க வேண்டும், கரையான் அரித்திருக்கக் கூடாது. (இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்து துண்டுச்சீட்டே கையில் கொடுத்துவிடுகிறார்கள், அது வேற கதை.)

கம்பெனிகளின் தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 9001. அதன் 2008 பதிப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு இருந்தது. 2015 பதிப்பில் 7.5 என்ற ஒரே பிரிவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வித்தியாசம் மட்டும் போகவில்லை. அதில் 'மெயின்டெய்ன்' என்று வந்தால் டாக்குமெண்ட், 'ரீடெய்ன்' என்று வந்தால் ரெக்கார்டு. இது ஒன்று தெளிவாக இருந்தால் ஆடிட்டர் முன்னால் பாதி பயம் போய்விடும்.

ஒரு இன்ஸ்டிடியூட்டில் முப்பத்தைந்தாயிரம் கேட்கிறார்கள். ஐஎஸ்ஓ சர்டிபிகேட் தருவார்களாம். சேரலாமா?

ஐஎஸ்ஓ 9001 சான்று கம்பெனிக்குக் கொடுப்பது, ஆளுக்குக் கொடுப்பதில்லை. உங்களுக்குத் தருவது பயிற்சிக்கு வந்தீர்கள், தேர்வு எழுதினீர்கள் என்பதற்கான தாள். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அந்த விலைக்கு இல்லை என்பது என் கணக்கு. பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மாஸ்டர் லிஸ்ட்டை (எந்த டாக்குமெண்ட், இப்போது எந்த ரிவிஷன், யார் கையில் என்ற பட்டியல்) என் கையால் போட வைப்பீர்களா, ஒரு டிராயிங்கை ரிவிஷன் மாற்றி, பழையதைத் திரும்ப வாங்கி, புதியதை விநியோகித்துக் கையெழுத்து வாங்குவது வரை செய்ய வைப்பீர்களா? பிபிடி மட்டும்தான் என்றால் வேண்டாம். அந்தக் காசில் பாதிக்கும் குறைவாக எக்செல் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, ஏதாவது ஒரு சின்னக் கம்பெனியில் மூன்று மாதம் குவாலிட்டி டிபார்ட்மெண்டில் டிரெய்னியாக உட்காருங்கள்.

புதுசா வர்றவங்க செய்யுற பெரிய தப்பு எதுண்ணே?

நான் செய்ததையே சொல்கிறேன். சேர்ந்து எட்டு மாதம். ஒரு புஷ் (நடுவில் துளையுள்ள உருளை மாதிரிப் பாகம்) டிராயிங், ரிவிஷன் 2-லிருந்து 3 ஆனது, உள்விட்டத்தின் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) மட்டும் மாறியது. நான் மாஸ்டர் லிஸ்ட்டைத் திருத்தினேன், புதுக் காப்பியில் சிவப்பு கண்ட்ரோல்டு காப்பி (கணக்கில் உள்ள காப்பி) சீல் குத்திக் கொடுத்தேன், ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினேன், பழைய காப்பி மூன்றையும் திரும்ப வாங்கிக் கிழித்தேன். எல்லாம் சரி. ஆனால் இரண்டாம் ஷிஃப்டில் ஒரு அண்ணன், எண்ணெய்க் கை பட்டு டிராயிங் அழுக்காகிறதே என்று எப்போதோ ஒரு ஜெராக்ஸ் எடுத்து, டூல் பீரோ கதவின் உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். கதவு மூடியிருந்தால் யாருக்கும் தெரியாது. அவர் அதைப் பார்த்தே ஓட்டினார், ஒரு ஷிஃப்ட் உற்பத்தி முழுக்க ஸ்கிராப். அவரைத் திட்டி என்ன பயன்? அழுக்காகாமல் பார்க்க ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்திருந்தால் அவர் ஏன் ஜெராக்ஸ் கடைக்குப் போகப் போகிறார். அன்றையிலிருந்து ரிவிஷன் மாறினால் நானே தளத்துக்கு நடந்து போவேன், பீரோ கதவைத் திறப்பேன், மெஷின் பின்னால் எட்டிப் பார்ப்பேன்.

எங்கள் ஆபீஸில் ஃபைல் பெயர்கள் ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் லாஸ்ட் என்று இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சிரித்துவிட்டேன், ஏனென்றால் இது எல்லா ஊரிலும் உண்டு. 'ஃபைனல்' என்ற வார்த்தையைத் தடை செய்யுங்கள். பெயரில் துறை, வகை, வரிசை எண், ரிவிஷன் நான்கும் இருக்கட்டும். எண்ணை 001 என்று பூஜ்யம் வைத்துத் தொடங்குங்கள், இல்லையென்றால் பல இடங்களில் 10 என்பது 2-க்கு முன்னால் போய் உட்காரும். தேதி போடுவதென்றால் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள், தானாகவே காலவரிசையில் நிற்கும். பழையதை எல்லாம் ஒரே நாளில் திருத்தப் போகாதீர்கள், இன்று முதல் பிறப்பதற்குப் புதுப் பெயர், பழையது எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

சவுதியோ கத்தாரோ போகலாம் என்று இருக்கிறேன். அங்கே என்ன எதிர்பார்ப்பார்கள் அண்ணே?

அங்கே பேச்சே டிரான்ஸ்மிட்டல்தான் தம்பி. எந்த டிராயிங், எந்த ரிவிஷன், யாருக்கு, எந்தத் தேதியில், எதற்காகப் போனது என்று சொல்லும் தாள் அது. நாளைக்குச் சண்டை வந்தால் அதை வைத்துத்தான் பேசுவார்கள், எனவே ஒன்றைக்கூட வாய்வார்த்தையாகக் கொடுத்துவிடாதே. பெரிய புராஜெக்ட்டுகளில் அகோனெக்ஸ் மாதிரி மென்பொருளில் ஓடும், அது போய் இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஐ.எஃப்.சி. என்றால் கட்டுவதற்குக் கொடுத்த டிராயிங். அதற்கு முன்னால் ரிவிஷன் ஏ, பி, சி என்று எழுத்தில் போகும், அப்புறம் 0, 1, 2 என்று எண்ணில் போகும், பெரும்பாலும் இப்படித்தான். திரும்பி வரும்போது கோட் இருக்கும், 1 ஒப்புதல், 2 கருத்துகளோடு ஒப்புதல், 3 திருத்தி அனுப்பு என்று பல இடத்தில் வைப்பார்கள், ஆனால் புராஜெக்ட்டுக்குப் புராஜெக்ட் மாறும், முதல் நாளே அங்குள்ள புரொசீஜரைக் கேட்டு வாங்கிப் படி. ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்குமுன் அவர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிடு.

ஆஸ்பத்திரி எம்.ஆர்.டி.யில் (மருத்துவ ரெக்கார்டுகள் துறை) சேர்ந்திருக்கிறேன். கேஸ் ஷீட்டை எத்தனை வருஷம் வைக்க வேண்டும்?

மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி உள்நோயாளி ரெக்கார்டுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இந்த இரண்டாவதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்டது என்றால் தனி அலமாரி, வழக்கு முடியும்வரை தொடவே கூடாது. மற்ற துறைக்காரர்களும் கேட்டார்கள்: கம்பெனிக் கணக்குப் புத்தகங்கள் 2013 கம்பெனிகள் சட்டப்படி 8 நிதியாண்டு, ஜிஎஸ்டி கணக்குகள் ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம்.

தப்பா எழுதிட்டா வொய்ட்னர் போடலாமா?

கூடாது. ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. மொய் நோட்டில் ஐந்நூறை ஐயாயிரம் என்று எழுதிவிட்டால் மாமாவைக் கூப்பிட்டு அவர் கண்முன்னே அடித்துத் திருத்துவார்கள் பாருங்கள், அதே மரியாதை.

வயது 41, பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா சார்?

வீட்டில் மூலப்பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகள் டிசி எல்லாம் எந்தப் பீரோவில் எந்தக் கவரில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்களா? அப்படியென்றால் வாங்க மேடம். எக்செல்லில் ஃபில்டரும் விலுக்கப்பும் (பட்டியலில் தேடி எடுக்கும் ஃபார்முலா) மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்துவிட்டால் காகிதத்தைக் கிழித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 2000 தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்வடிவில் வைக்க வழிவிடுகிறது, பின்னாலும் திறந்து பார்க்க முடிய வேண்டும், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரமும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. ஆனால் அசல் கையெழுத்து வேண்டிய ஒப்பந்தம், பத்திரம் எதையும் நீங்களாகக் கிழிக்காதீர்கள். கிழிக்கும் எதற்கும் முதலில் ஒரு பட்டியல், அதில் துறைத் தலைவரின் கையெழுத்து. அந்தப் பட்டியலும் ஒரு ரெக்கார்டுதான், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.

அண்ணே, உங்க மாஸ்டர் லிஸ்ட் ஃபார்மேட்டை அனுப்புங்களேன்.

அனுப்ப மாட்டேன் தம்பி. எண், தலைப்பு, ரிவிஷன், தேதி, தயாரித்தவர், ஒப்புதல் தந்தவர், காப்பி யார் யார் கையில். ஏழு பத்திதான். உங்கள் வீட்டு ஆவணங்களை வைத்தே இருபது வரி போட்டுக் காட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.