பெறாமகன் ஆமியில கொரியன் படிக்கிறான்

கேள்வி: அமெரிக்காவில இருக்கிற அக்காவின்ர மகன் போன வருசம் அந்த நாட்டு ஆமியில சேந்திட்டான். கேள்விப்பட்டதும் எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. பிறகு பாத்தால் கலிபோர்னியாவில இருந்து கொரியன் பாசை படிக்கிறானாம், ஒண்டேகால் வருசப் படிப்பாம். முந்தி மணித்தியாலக்கணக்கா வீடியோ கோலில கதைக்கிறவன், இப்ப அஞ்சு நிமிசத்தில "சித்தி, களைப்பாக் கிடக்கு" எண்டு வைக்கிறான். பாசை படிக்கிறதில என்ன அப்பிடிக் களைப்பு? பிறகு என்ன வேலை எண்டு கேட்டாலும் சொல்லுறானில்லை.
ஒரு சித்தி, மாங்குளம்

பதில்: தங்கச்சி, ஆமி எண்ட சொல்லுக்கு ஏன் உங்களுக்கு நெஞ்சு திக்கெண்டுது எண்டு எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனா பெடியன் சொல்லுற களைப்பு உண்மையான களைப்பு, நம்புங்கோ.

முதல் 10 கிழமை எல்லாரையும் போல அவனும் ஓட்டம், துவக்குப் பயிற்சி எல்லாம் முடிச்சுத்தான் வந்திருப்பான். அதைவிட டீலாப் எண்டொரு சோதினை இருக்கு. உலகத்தில ஒருத்தரும் பேசாத ஒரு பாசையை அந்தச் சோதினைக்கெண்டே உண்டாக்கி வைச்சிருக்கினம், அதின்ர இலக்கணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லித் தந்துகொண்டே கேள்வியும் கேப்பினம். புதுசா ஒண்டைப் பிடிக்கிற காது இருக்கோ எண்டு பாக்கிறதுதான் நோக்கம். கொரியன் மாதிரிக் கஷ்டமான பாசையெண்டால் வழமையா 110 புள்ளி எடுக்கவேணும். உங்கட பெறாமகன் லேசுப்பட்ட ஆளில்லை.

அவன் படிக்கிற இடம் மொன்ரெறே எண்ட கடற்கரை ஊரில இருக்கிற ஆமி மொழிப் பள்ளிக்கூடமாத்தான் இருக்கவேணும். அங்க ஸ்பானிஷுக்கு 36 கிழமை, ரஷ்யனுக்கு 48, அரபு சீனம் கொரியனுக்கு 64. விடியவெள்ளண எழும்பி உடற்பயிற்சி, பிறகு வகுப்பு, ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணித்தியாலம், கிழமையில அஞ்சு நாள், ஒரு வகுப்பில கொஞ்சப் பேர்தான் எண்டபடியால் பின்வாங்கில ஒளிச்சிருக்கேலாது, வாத்தியார்மாரும் பெரும்பாலும் அந்தப் பாசையிலயே பிறந்து வளந்த ஆக்கள். அது முடிய ரெண்டு மூண்டு மணித்தியால வீட்டுவேலை, அதுக்குள்ள ஆமிக்காரன் எண்ட கடமையும் இருக்கு, அறை துப்பரவா இருக்கவேணும். நாங்கள் பத்து வருசமா பள்ளிக்கூடத்தில இங்கிலிஷ் படிச்சும் வாய் திறக்கப் பயப்பிட்டம், இவை 64 கிழமையில கொரியன் செய்தியைக் கேட்டு விளங்கவேணும். பாதியில விட்டிட்டுப் போறவையும் இருக்கினம்.

ஒரு ஆறுதல், எங்கட பிள்ளையளுக்குக் கொரியன் கொஞ்சம் சுகமாப் பிடிபடும். தமிழில மாதிரியே வினை வசனக் கடைசியிலதான் வரும், வேற்றுமை உருபு மாதிரிச் சொல்லுக்குப் பின்னால ஒட்டும், பெரியாக்களோட கதைக்கேக்க வினை மாறும். அம்மாவை ஓம்மா எண்டும் அப்பாவை அப்பா எண்டும்தான் கூப்பிடினம். இங்கிலிஷில நிண்டுகொண்டு கொரியனைப் பாக்கிறவனுக்கு எல்லாம் தலைகீழ். வீட்டில தமிழ் கதைச்ச பெடியனுக்கு அப்பிடியில்லை.

முடிவுச் சோதினையில கேட்டல், வாசிப்பு, பேச்சு மூண்டும் பாப்பினம். 0 இலிருந்து 5 வரைக்கும் ஒரு அளவுகோல். 2 எண்டால் சொன்ன விசயம் விளங்குது, 3 எண்டால் சொல்லாமல் விட்டதும் விளங்குது. இந்த ரெண்டுக்கும் நடுவில எவ்வளவு தூரம் எண்டு நான் பட்டுத்தான் அறிஞ்சன். 2003 இல, பாதை திறந்திருந்த காலம், ஒரு நடமாடும் கிளினிக்கில வெளிநாட்டு டொக்டருக்கு மொழிபெயர்க்கப் போனன். ஒரு தாய் வந்து இருந்து "வயிறு பத்தி எரியுது டொக்டர்" எண்டா. நான் அதை அப்பிடியே இங்கிலிஷில சொன்னன், அவர் காஸ்ரிக் குளிசை எழுதிக் குடுத்தார். வெளியில போனாப்பிறகு வரிசையில நிண்ட ஒரு அம்மாதான் சொன்னா, அந்தத் தாயின்ர மகன் காணாமல் போய் ரெண்டு வருசமாம். ஓடிப்போய்ப் பாத்தன், பஸ் ஏறிட்டா. இத்தினைக்கும் தமிழ் என்ர தாய்ப்பாசை.

படிப்பு முடிய உங்கட பெடியன் அனேகமா ரெக்சாஸில சான் அஞ்சலோ எண்ட ஊருக்குப் போவான். வோக்கியில ரேடியோவில வாற பேச்சை ஹெட்போனில கேட்டு எழுதுறது எப்பிடியெண்டு அங்க பழக்குவினம். இரைச்சலுக்குள்ள ஒரு இலக்கத்தையோ ஊர்ப்பேரையோ பிடிக்கிறதுக்குத் திருப்பித் திருப்பிக் கேக்கவேணும். இந்த வேலைக்காரர் என்ன கேட்டவை எண்டு பெண்சாதிக்குக்கூடச் சொல்லேலாது, அது சட்டம். அதால "என்ன வேலை" எண்டு இனிக் கேக்காதேங்கோ, அவன் உங்களிட்டப் பொய் சொல்ல வேண்டிவரும். அங்க சனி இரவு எண்டால் உங்களுக்கு ஞாயிறு காலமை, அந்த நேரம் எடுங்கோ. கிணத்தடி மா காச்சிருக்கோ, ஆடு குட்டி போட்டதோ எண்டு கதையுங்கோ. கிழமை முழுக்கக் கூர்ந்து கேட்டுக் கேட்டுச் செத்த காதுக்கு, கூர்ந்து கேக்கத் தேவையில்லாத ஒரு பேச்சு வேணும்.

கேள்வி: நான் கொரியாவுக்கு வேலைக்குப் போறதுக்கு கிளிநொச்சியில கொரியன் வகுப்புக்குப் போறன். வாசிக்க ஓகே, கேட்டல்தான் போகுது. என்ன செய்யலாம்?
24 வயசு, பரந்தன்

பதில்: தம்பி, ஆமி மொழிக்காரர் செய்யிறதையே செய்யுங்கோ. ஒரு நிமிசத் துண்டு ஒண்டை எடுத்து, நிப்பாட்டி நிப்பாட்டி, கேட்டதை அப்பிடியே எழுதுங்கோ. பத்துத்தரம் கேட்டும் விளங்காத இடத்தை மட்டும் பாடத்தில பாருங்கோ. இலக்கத்தைத் தனியாப் பழகுங்கோ, கொரியனில ரெண்டு விதமான எண்ணிக்கை இருக்கு, கனபேர் விழுறது அதிலதான். புதுப்புதுத் துண்டாத் தேடி ஓடாதேங்கோ.

கேள்வி: ரெண்டாம் உலகப்போரில கொழும்பில இருந்து ஜப்பான்காரன்ர வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்டவை எண்டு என்ர தகப்பன் சொல்லுவார். உண்மையோ?
ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டக்கச்சி

பதில்: உண்மைதான் ஐயா. சிங்கப்பூரில இருந்த பிரிட்டிஷ் கடற்படையின்ர ஒட்டுக்கேக்கிற பிரிவை 1942 தொடக்கத்தில கொழும்புக்கு மாத்தினவை. ஏப்ரல் 5 கொழும்பிலயும் 9 திருகோணமலையிலயும் குண்டு விழுந்ததே, தாக்குதல் வரப்போகுது எண்டதை அவை முதலே பிடிச்சிட்டினம். பிறகு கென்யாவுக்குப் போய், 1943 இல திரும்பவும் கொழும்புக்கு வந்தவை. ஜப்பான் பாசை படிக்க ரெண்டு வருசமெண்டாலும் வேணும் எண்டு லண்டனில பெரிய படிப்பாளியள் சொல்ல, ஒஸ்வால்ட் ரக் எண்ட ஓய்வுபெற்ற கப்டன் பெட்ஃபோர்டில லத்தீன் கிரேக்கம் படிச்ச பெடியளை வைச்சு ஆறு மாசத்தில படிப்பிச்சுக் காட்டினார்.

அமெரிக்காக்காரன்ர பள்ளிக்கூடம் அதுக்கும் முதல், 1941 நவம்பர் 1, சான் பிரான்சிஸ்கோவில தொடங்கினது, இண்டைக்கு மொன்ரெறேயில இருக்கிறதின்ர வேர் அதுதான். முதல் வகுப்பில 60 பேர், அதில 58 பேர் அமெரிக்காவில பிறந்த ஜப்பான்காரர். அடுத்த வருசம் அவையின்ர இனத்தில ஒரு லட்சத்து 20,000 பேரைப் பிடிச்சு முள்ளுக்கம்பி முகாமில அடைச்சினம். தாய் தகப்பன் முகாமுக்குள்ள, மகன் ஆமிக்கு மொழிபெயர்க்கிறான். முகாமுக்குள்ள இருந்தே ஆள் எடுத்தவை ஐயா. இதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை.

1945 இல ஒக்கினாவாவில சண்டை நடக்கேக்க சனமெல்லாம் குகைக்குள்ள. வெளியில வந்தால் கொல்லுவினம் எண்ட பயம். இந்தப் பெடியள் வாசலில நிண்டு அந்த ஊர்ப் பேச்சிலயே "வாங்கோ, ஒண்டும் செய்யமாட்டினம்" எண்டு கூப்பிட்டினம். ஊர்ப் பேச்சைக் கேட்டுக் கனபேர் வெளியில வந்தவை, உயிர் தப்பினவை. அதில ஒருத்தர் தகெஜிரோ ஹிகா, ஹவாயில பிறந்து ஒக்கினாவாவில வளந்தவர். விசாரிக்கச் சொல்லி ஒரு நாள் அவருக்கு முன்னால கொண்டுவந்து இருத்தின ஆள் அவருக்குப் படிப்பிச்ச வாத்தியார். இன்னொரு நாள் ரெண்டு பெடியள். கேள்வி கேக்கக் கேக்கத்தான் விளங்கியிருக்கு, ஒரே வகுப்பில படிச்சவங்கள். மூண்டு பேரும் தோளைப் பிடிச்சுக்கொண்டு அழுதவை.