தினமும் கொஞ்சம் உழைத்தால் முன்னேற முடியுமா? எத்தனை நாளில் பலன் தெரியும்?

முடியும். ஆனால் 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலரும் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். 22ஆம் நாள் மனம் விட்டுப்போகும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் இயல்பாகிவிட ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுமதிப்பு 66 நாள். எனக்கு அதில் பெரிய ஆறுதல் வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை. விட்டுப்போன நாளுக்காக வருந்தாமல் மறுநாள் தொடருங்கள்.

தொழில் சார்ந்த படிப்பும் அப்படித்தான். ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, அதையே பல நாள்களுக்குப் பிரித்தால் நினைவில் நிற்கும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இலேயே இதைக் காட்டினார். ஏற்கெனவே செய்யும் ஒன்றோடு இணைத்துத் தொடங்குங்கள்: குளித்து முடித்ததும் இருபது நிமிடம் படிப்பு, என்பதுபோல.