பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப்பை அதிகச் செலவில்லாமல் ஓட்டத்தில் வைத்திருப்பது எப்படி?

கேள்வி இதுதான்: போடி மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஓடும் எம்எம்540. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வெள்ளைப் புகை வருகிறது. சக்கரத்துக்குள் எண்ணெய் ஒழுகுகிறது. 40 கி.மீ. வேகம் வந்தால் ஸ்டீரிங் உதறுகிறது. இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். குறைந்த செலவில் முடியுமா?

முடியும். இன்ஜினை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்குமே பெரும்பாலும் காரணம் சின்னச் சாமான்கள்தான். அளந்து பார்க்காமல் பிரித்தால் செலவு ஆகும், கோளாறு அப்படியே இருக்கும்.

முதலில் ஸ்டார்ட்டிங். இந்த வண்டியில் இருப்பது பெஜோ வடிவமைத்த எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். 90 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 2112 சி.சி., நான்கு சிலிண்டர். டீசல் நேராக பிஸ்டன் மேல் பீய்ச்சப்படாமல் ஹெட்டில் (இன்ஜினின் மேல் பகுதி) உள்ள சின்ன அறைக்குள் பீய்ச்சப்படும் வகை. அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் அந்த அறையை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக் இல்லாமல் மலைக் குளிரில் இது எழாது. எரியாத டீசல் ஆவியாக வருவதுதான் காலை வெள்ளைப் புகை. ஐந்து நிமிடத்தில் அது மறைந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் பேக்கிங்கைச் சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

பார்க்க வேண்டிய வரிசை முக்கியம். ஒரு மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சோதனைக்குக் கொடுங்கள். அது தேறிவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். அடுத்து பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்கின் சுத்தமான ஒரு போல்ட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்து அதேபோல் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இன்ஜினுக்கும் சேஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, இரு முனையையும் எமரித் தாளால் தேய்த்து இறுக்குங்கள். டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் காற்று போதிய சூடு பிடிக்காது. துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட்டுக்காகவே இன்ஜின் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சுற்றல் சரியாக இருந்தால் டீசல் லைனில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் கை பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் சின்ன பம்ப்) அடித்தபின் உடனே ஸ்டார்ட் ஆனால் காரணம் இதுதான். பம்புக்குப் போகும் ஹோஸில் ஒரு சாண் கண்ணாடிக் குழாய் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ்) தற்காலிகமாகப் பொருத்தி ஓட விடுங்கள். குமிழ் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். வெடித்த ஹோஸ், டீசல் ஃபில்டர் வாஷர், பேஞ்சோ போல்ட்டின் (டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) செப்பு வாஷர், ஃபீட் பம்ப் டயாஃப்ரம் என்று டேங்கிலிருந்து பம்ப் வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய செப்பு வாஷரை அடுப்புத் தீயில் சிவக்கக் காய்ச்சி ஆற விட்டால் மறுபடி மென்மையாகி ஒட்டிக்கொள்ளும்.

பிறகு ஹீட்டர் பிளக். இணைப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து 12 வோல்ட் 21 வாட் பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். பல்பு எரியாத பிளக் செத்தது. எரிந்தாலும் பிளக் முழுச் சூடு பிடிக்கும் என்று உறுதி கிடையாது. ஆகவே ஒன்று போயிருந்தாலே நான்கையும் மாற்றுவது நல்லது.

இதற்குப் பின்தான் நாசில் (டீசல் பீய்ச்சும் முனை) டெஸ்ட், டேப்பட் (வால்வு) இடைவெளி, கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்). மீட்டர் வைத்து நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் எழுதி வாங்குங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வைத்துப் பாருங்கள். மூடி துள்ளி விழும் அளவுக்குப் புகை உந்தினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இவ்வளவும் பார்த்து ரிங் போனது உறுதியானால் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட் வால்வை யாராவது கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் போடுங்கள். சூடேறும் என்ற பயத்தில் பலர் செய்யும் தவறு இது. மலையில் இன்ஜின் சூடே பிடிக்காமல் ஓடும், டீசல் குடிக்கும், சிலிண்டர் தேயும். சூடேறினால் ரேடியேட்டரை ராடிங் (குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம்) செய்யக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரில் பாதிக் குழாய்கள் அடைத்திருக்கும். இனி கூலன்ட் கலந்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்தது சக்கரத்தில் எண்ணெய்க் கசிவு. ஆயில் சீல் வாங்கப் போகும் முன் ஆக்சில் ஹவுசிங் மேலே உள்ள பிரீதரை (காற்றுப் போக்கி) பாருங்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும், சேற்றில் அடைத்துக்கொள்ளும். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் ஆயிலை சீலைத் தாண்டித் தள்ளும். புது சீல் போட்டாலும் மாதத்தில் ஒழுகும். அதே போல் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். பிரீதர் இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, டீசல் ஹோஸை சேஸ் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் வாயைக் கீழ்நோக்கிக் கட்டிவிடுங்கள். இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான, மிகப் பயனுள்ள வேலை இது.

பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் கசிந்தால் சீல் மாற்றத்தான் வேண்டும். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் நகத்தால் உணரும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீல் நிற்காது. லேத்தில் கொடுத்து அந்த இடத்தில் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். ஆயில் நனைந்த பிரேக் லைனிங்கைக் கழுவிப் போட வேண்டாம். சூட்டில் ஆயில் மறுபடி மேலே வரும், இறக்கத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். போடிமெட்டு இறக்கத்தில் அந்தச் சிக்கனம் ஆபத்து. லைனிங்கை இரண்டு சக்கரத்துக்கும் ஜோடியாக மாற்றுங்கள். வீல் சிலிண்டர் கிட்டும் கூடவே மாறட்டும். பிரேக் லைனில் ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான பின் இடது சக்கரத்தில் தொடங்குங்கள். பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதும் மாற்றுங்கள்.

கியர் பாக்ஸ் ஆயிலும் ஆக்சில் ஆயிலும் ஒன்றல்ல. ஆக்சிலுக்கு ஜிஎல்-5 தர ஆயில். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (இரு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஜிஎல்-4, ஏனென்றால் ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்க்கை கியர் பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கியர் பாக்ஸில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடினால் ஆயில் உள்ளுக்குள்ளேயே இடம் மாறுகிறது. வெளியே தேடிப் பயனில்லை, இரண்டின் அளவையும் மாதம் ஒரு முறை பாருங்கள்.

ஸ்டீரிங் உதறலுக்கு டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கிப் போடச் சொல்வார்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பியரிங் அல்லது கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பியரிங். உதவிக்கு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால் வித்தியாசம் தெரியும். ஆட்டம் நின்றால் வீல் பியரிங், தொடர்ந்தால் கிங்பின். வீல் பியரிங்கைக் கழுவி, கிரீஸை உருளைகளுக்கு நடுவே உள்ளங்கையால் திணித்து மாட்டுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைச் சக்கரம் இறுகும் வரை முடுக்கி, ஆறில் ஒரு சுற்று தளர்த்துங்கள். பிறகு லாக் வாஷர், வெளி நட். கிங்பின்னில் பியரிங் நன்றாக இருந்தால் ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) குறைத்தால் போதும். சீலைக் கழற்றிய நிலையில் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) லேசான இறுக்கத்தோடு திரும்ப வேண்டும், தொளதொளவென்று ஆடக்கூடாது. அப்புறம் டை ராடு எண்டு, பட்டா (லீஃப் ஸ்பிரிங்) புஷ், ஷேக்கிள், யூ போல்ட் இறுக்கம். எல்லாம் முடிந்தபின் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1 முதல் 2 மி.மீ. வரை. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு டேப்பால் முன்னும் பின்னும் அளந்தாலே போதும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) கழற்றும்போது இரு பாதியிலும் நேர்க்கோடாகக் குறி வையுங்கள். மாற்றிப் பூட்டினால் அதிர்வு வரும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் திருப்பத்தில் கிராஸும் (ஷாஃப்டின் மூட்டு) கியர்களும் முறுக்கிக்கொள்ளும். அதற்காக ஃபோர் வீல் லீவரைத் தொடாமலே விட்டாலும் இறுகிவிடும். மாதம் ஒரு தடவை மண் பாதையில் 1 கி.மீ. போட்டு ஓட்டுங்கள்.

சாமான் விஷயத்தில், கியர் லீவர், ஹவுசிங், ஹப், பானெட் போன்ற இரும்பை சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழையதாக வாங்கலாம். பியரிங், சீல், பிரேக் ரப்பர், டை ராடு எண்டு ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. இன்ஜினையே மாற்ற நேர்ந்தால் விற்பவரிடம் பில் வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்சி புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். 15 வருடம் கடந்த சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த நம்பரைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.