உதவி கேட்டு வாறவையும் சமூகப்பணியாளரும் ஒரே இனமெண்டால் வேலை சுகமா?

கேட்டவர் படிப்பு முடிச்சு முதன்முதலாக் களத்துக்கு இறங்கப் போறார் போல. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். நான் தமிழ், சனமும் தமிழ், பிறகென்ன கரைச்சல்?

2013இல கிளிநொச்சியில ஒரு தொண்டு நிறுவனத்தில கள உத்தியோகத்தரா இருந்தன். பயிற்சியில சிங்களவரைப் பற்றிக் கதைச்சம், 1990 ஒக்டோபரில வடக்கில இருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றினதையும் கதைச்சம். 1977இல தமிழருக்கு எதிரா நடந்த கலவரத்துக்குத் தப்பி மலையகத் தேயிலைத் தோட்டங்களில இருந்து வந்து, வன்னியில காடு வெட்டிக் குடியிருந்த சனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வீட்டுத்திட்டத்துக்கு விபரம் எடுக்க ஒரு அம்மாவிட்டப் போனன். அவவின்ர மலையகப் பேச்சைக் கேட்ட உடன, கேக்காமலே ‘இந்தியத் தமிழர்’ பெட்டியில புள்ளடி போட்டிட்டன். வெள்ளைக்காரன் காலத்தில இந்தியாவில இருந்து தோட்ட வேலைக்கு வந்த சனத்தின்ர வழியில வந்தவையைப் படிவத்தில அப்பிடித்தான் எழுதுறது.

“சொந்த ஊர் எது?”

“இதுதான் மிஸ்.”

“இல்லையம்மா, இதுக்கு முதல் இருந்த ஊர்?”

“இதுக்கு மொத மெனிக்பாம். அதுக்கு மொத மாத்தளன்.” மாத்தளன் 2009இல கடைசிச் சண்டை நடந்த இடம், மெனிக்பாம் அதுக்குப் பிறகு சனத்தை வைச்சிருந்த முகாம். ரெண்டும் ஊர் இல்லை.

பக்கத்தில நிண்ட பேத்தி படிவத்தைத் தலைகீழா வாசிச்சிட்டாள். “அம்மாயி, மிஸ் நம்மள இந்தியான்னு போட்டிருக்காங்க.” மனுசி ஒண்டும் சொல்லேல்லை, தேத்தண்ணி வைக்கவோ எண்டு கேட்டா. இப்பதான் குடிச்சனான் எண்டன். பொய். அதுக்கு முதல் போன வீட்டில, காணிக்கு உறுதிப் பத்திரம் வைச்சிருக்கிற ஆக்கள் தந்ததை மட்டும் குடிச்சிருந்தன். ‘சாதி பாத்திருக்கிறாய்’ எண்டு கீழ எழுத வருவியள். எனக்குச் சீனி வருத்தம் இருக்கு, அதுவும் உண்மை. ஆனா அந்தக் கிழமை அந்த மலையகச் சனம் இருந்த பக்கத்தில ஒரு வீட்டிலயும் நான் குடிக்கேல்லை. பிறகு யோசிச்சுப் பாத்துத்தான் எனக்கே விளங்கினது.

ஒரு புள்ளடிக்கு இவ்வளவோ எண்டு கேப்பியள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அந்தச் சனத்தை நாடற்றவராக்கினது. 2003இல வந்த சட்டம் வரைக்கும் அந்த இழுபறி கனபேருக்குத் தீரேல்லை. ‘இந்தியா’ எண்ட சொல்லு அவையளுக்கு வேற மாதிரித்தான் கேக்கும்.

அண்டைக்கே வெட்டித் திருத்தினன். வீடு கிடைக்கேல்லை. பேமிற் (அரச காணிக்குக் குடுக்கிற அனுமதிப் பத்திரம்) இல்லாத காணி எண்டு பட்டியலில இருந்து எடுத்திட்டினம். முப்பது வருசத்துக்கு மேல இருந்த காணி அது. இப்ப நான் பேனையை அவையளிட்டக் குடுத்து, நீங்களே போடுங்கோ எண்டு சொல்லுறன். நேரம் எடுக்கும்தான்.

நேரம் எண்டால் ஞாபகம் வருது: மேலதிகாரி, படிவத்தில ஏன் வெட்டல் எண்டு அரைமணித்தியாலம் பேசினார்.