ஒரே ஒரு தேவாலயத்துக்காக ஹ்ராஸ்டோவ்லியே போவது வீணா?

ஸ்லோவேனியா நாட்டில் பிளெட் ஏரியும் போஸ்தோய்னா குகையும் போக மிச்சமிருக்கும் அரை நாளில், "ஒரு சர்ச் மட்டுமே உள்ள" ஹ்ராஸ்டோவ்லியே கிராமம் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். என்னையும் கப்பலில் அப்படித்தான் கிண்டல் செய்தார்கள்.

நான் சரக்குக் கப்பலில் என்ஜினியர். அந்த நாட்டின் கோபர் துறைமுகத்தில் ஒரு முறை ஆறு மணி நேரம் இறங்க விட்டார்கள். மற்றவர்கள் மாலுக்குப் போனார்கள். எனக்கு ஊர்ப் பக்கம் போக ஆசை, ஹ்ராஸ்டோவ்லியேவுக்கு டாக்ஸி பிடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த சர்ச் கோயில் மாதிரியே இல்லை. மூலைகளில் உருண்டைக் கொத்தளம் வைத்த சின்னக் கோட்டை, உள்ளேயிருந்து மணிக்கூண்டு மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஒட்டோமான் படைகள் சூறையாட வந்த காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், ஊர்க்காரர்கள் ஒளிந்துகொள்ளக் கட்டிய மதில்.

நான் போனபோது பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் சாவியோடு வந்தார். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கப் போய் அவரிடம் திட்டும் வாங்கினேன். தப்பு என் மேல்தான்.

உள்ளே சுவர், கூரை எங்கும் ஓவியம். உலகம் படைக்கப்பட்ட கதை, பன்னிரண்டு மாத வேலைகள், எல்லாம் 1490இல் காஸ்தாவ் ஊர் யானெஸ் என்ற ஓவியர் வரைந்தவை. கிளாகோலித்திக் என்ற பழைய ஸ்லாவிய எழுத்தும் சுவரில் உண்டு. பிற்காலத்தில் இவற்றின் மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். அதற்கடியில் ஓவியம் இருப்பதை 1949இல் கண்டுபிடித்தவர் யோஜே போலென் என்ற சிற்பி.

எல்லாரும் பார்க்க வருவது மரண நடனத்தை. போப், ராஜா, ராணி, பிஷப், துறவி, பிச்சைக்காரர், குழந்தை என்று ஒவ்வொருவர் கையையும் ஒரு எலும்புக்கூடு பிடித்து இழுத்துப் போகிறது. ஒரு பணக்காரர் மட்டும் காசு கொடுத்துப் பார்க்கிறார். எலும்புக்கூடு அசையவில்லை.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் கப்பலுக்கு என்னை அனுப்பிய ஏஜென்ட் நினைவுதான். 'சர்வீஸ் சார்ஜ்' என்று அப்பாவிடம் இரண்டு லட்சம் வாங்கினார், ரசீது கிடையாது. கேட்டால், "தம்பி, உங்களுக்காக எவ்வளவோ பண்றேன்" என்பார். ஏழு மாதம் கரையில் உட்கார வைத்தார். கடல் வேலைக்கு ஆள் எடுக்க, ஆளிடமே காசு வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. புதுப் பையன்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

கலை வரலாறு படித்தவர்கள் வந்து இதைவிடப் பெரிய மரண நடனம் வேறு இடத்தில் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். இதை நான் ஒரு கை தூரத்தில், தள்ளுமுள்ளு இல்லாமல் பார்த்தேன். கோயில் நிஜமாகவே சின்னது, ஒரு மணி நேரம் போதும். சுத்திப் பார்க்க வேறு பெரிதாக ஒன்றுமில்லை. கல் வீடுகள், பின்னால் கார்ஸ்ட் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டின் வெள்ளைப் பாறை, அவ்வளவுதான். டாக்ஸிக்காரரை அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பிவிட்டு, கப்பல் போய்விடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றேன்.