ஒரே வரிசையில் எல்லோரும் – கடிதம்

வணக்கம் சார்,

வீடு காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஓசூரில். தினமும் போக வர பஸ்ஸில் பாட்டுதான். போன மாதம் எனக்குப் பிடித்த கலைஞர்களை ஒரே வரிசையாக எழுதிப் பார்த்தேன். இளையராஜா, கவ்வாலி பாடிய நுஸ்ரத் ஃபதே அலி கான், ஸ்வர்ணலதா, ரெக்கே பாடிய பாப் மார்லி, கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி.ராமநாதன், ஜாஸ் டிரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸ் என்று போகிறது. கச்சேரி கேட்கும் என் நண்பன் பார்த்துவிட்டு, "எம்.எஸ்.சுப்புலட்சுமி இல்லை, சினிமாப் பாடகி மூணாவது, எம்.டி.ஆருக்கு மேலே மார்லி, இதெல்லாம் ஒரு பட்டியலா? எல்லாத்தையும் எப்படிடா ஒரே தராசில் வைப்பே?" என்கிறான். இப்படி வரிசை போடுவது தப்பா? உங்கள் வரிசை என்ன?

ஆர்., கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள ஆர்.,

தப்பே இல்லை, போடுங்கள். ஆனால் எதை வைத்துப் போட்டீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை, நண்பரிடம் நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே தராசு என்றால் அது என்ன தராசு என்று சொல்லிவிட வேண்டும்.

என்னுடையது கார்வை. ஒருவர் ஒரு சுரத்தில் எப்படி நிற்கிறார் என்பதுதான் எனக்குக் கணக்கு. பிருகா என்கிற துரிதச் சுரக் கோவை, வேகம், உச்சஸ்தாயி எல்லாம் சாதகத்தில் ஓரளவு வந்துவிடும், ஒரு சுரத்தைப் பிடித்து, தானும் ஓடாமல் கேட்கிறவனையும் ஓடவிடாமல் நிறுத்துவது அப்படி வருவதில்லை. ராகம் பாடுகிறவருக்கும் டிரம்பெட் ஊதுகிறவருக்கும் சினிமா பாடுகிறவருக்கும் இது பொது.

இதை நான் சபாவில் கற்கவில்லை, நம் பக்கத்துக் கூத்தில் கற்றேன். தர்மபுரி, பென்னாகரம் பக்கத்துத் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை வேஷக்காரரை விட்டுவிட்டு முகவீணைக்காரருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு முழம்கூட இருக்காது அந்தக் குழல். ஊதுகிற சீவாளித் துண்டை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே வேஷக்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். துகிலுரிதல் ராத்திரியில் பாஞ்சாலி வேஷம் கத்திப் பாடி, மூச்சு முடிந்து நிறுத்துகிற இடத்தில் இவர் அதே சுரத்தை வாங்கிக்கொள்வார். கன்னம் உப்பியபடியே இருக்கும், மூக்கால் மூச்சு போய்க்கொண்டிருக்கும், சுரம் அறுபடாது. வேஷக்காரர் மூச்சு வாங்கி அடுத்த அடியை எடுக்கும்வரை பாஞ்சாலியின் அழுகையை அந்தக் குழல்தான் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கலைஞர்களில் யார் பெயரும் எனக்குத் தெரிந்து எந்த இசைத்தட்டிலும் இல்லை, அதனால் என் வரிசையிலும் பெயராக இல்லை. ஆனால் வரிசையே அவர்களிடமிருந்து வந்ததுதான்.

அதனால் முதலிடம் நாகஸ்வரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி என்றால் அவர் என்று ஊரே சொல்லும், சரிதான், எனக்கு அந்தத் தோடியில் பிடித்தது அவர் எங்கே போகிறார் என்பதைவிட எங்கே போகாமல் நிற்கிறார் என்பது. அதுவரை பெரும்பாலும் வாசிக்கப்பட்டது குட்டையான, உச்ச சுருதித் திமிரி நாயனம். அதில் 'ம' சுரத்தின் ஒரு வகையான சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாயனத்தை அவர் கையில் எடுத்தபிறகுதான் அந்தச் சுரம் வழிக்கு வந்தது, கருவியின் குரலும் இறங்கி நிதானமானது. ஒரு சுரத்தில் சரியாக நிற்க வேண்டும் என்பதற்காக வாத்தியத்தையே மாற்றிய மனிதர். அவரை வேறு எங்கே வைப்பது?

இரண்டாவது இளையராஜா. உங்கள் முதலிடத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கச்சேரியில் தம்புரா அப்படியே இருக்கும், சுரம் மட்டும் கமகத்தில் அசையும். இவர் அதைத் தலைகீழாகச் செய்வார். பாடுகிறவர் ஒரு சுரத்தை நீட்டிக்கொண்டிருக்க, கீழே பேஸ் கிடார் நகரும், வயலின்கள் நகரும், சுரம் அதேதான், ஆனால் அதன் நிறம் மாறிக்கொண்டே வரும். இன்று ஹெட்போனில் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் பாட்டு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது எஸ்.ஜானகி. நீங்கள் அவரை விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, அதுவும் ஓசூருக்குப் போய்வருகிற ஆள். 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு பாடியவர், 1977இல் கன்னட 'சனாதி அப்பண்ணா'வில் பிஸ்மில்லா கானின் ஷெனாயோடு பாடினார். ராஜ்குமார் ஷெனாய்க் கலைஞராக நடித்த படம், இசை ஜி.கே.வெங்கடேஷ், நம் ராஜா உதவியாளராக இருந்தது இவரிடம்தான். இரண்டு ஊர்களின் இரண்டு பெரிய ஊதுகுழல்களுக்கும் நேர் எதிரே நின்று சுருதி பிசகாமல் சுரம் பிடித்த வேறு சினிமாக் குரல் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ஷெனாய்க்காகவே பிஸ்மில்லா கானை ஐந்தாவதாக வைப்பேன்.

நான்காவது எம்.டி.ஆர். மார்லிக்குக் கீழே நீங்கள் வைத்தது பஸ்ஸில் கேட்டதால் என்றுதான் நினைக்கிறேன். 'பாகாயனய்ய' கீர்த்தனையை அவர் எடுக்கிற நிதானமான வேகத்துக்கு டீசல் இஞ்சின் சத்தம் ஆகாது, மந்தரம் என்கிற கீழ் ஸ்தாயியில் அவர் இறங்கி நிற்பது பாதி காதில் விழாமலே போய்விடும்.

ஸ்வர்ணலதா ஆறாவது. சினிமாப் பாடகி என்று உங்கள் நண்பர் ஒதுக்குவதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. 1990இல் 'மாலையில் யாரோ' பாடும்போது அந்தப் பெண்ணுக்கு 17 வயது. வரி முடியும் இடங்களைக் கவனியுங்கள். சுரத்தை அழுத்த மாட்டார், அசைக்க மாட்டார், அப்படியே வைத்துவிட்டு மூச்சோடு சேர்ந்து தேயவிடுவார். 'கருத்தம்மா'வுக்குத் தேசிய விருது கிடைத்தது, சரி, ஆனால் 2010இல் 37 வயதில் போய்விட்டார், நாம் அவரை இன்னும் சரியாகப் பேசவே ஆரம்பிக்கவில்லை.

அப்புறம் மைல்ஸ் டேவிஸ். 1959இல் வந்த 'கைண்ட் ஆஃப் புளூ'வில் அவர் கார்ட் (chord) என்கிற சுர அடுக்குகளை மாற்றிக்கொண்டே போகாமல் ஒரே சுர வரிசையில் நீண்ட நேரம் தங்குகிறார், ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகவே படாது. உங்கள் நண்பருக்கு முதலில் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

எம்.எஸ். எட்டாவது. சுருதிச் சுத்தத்தை மட்டும் பார்த்தால் அவர்தான் மேலே வரவேண்டும், யாரும் மறுக்க முடியாது. ஆனால் மேலே சொன்னவர்களிடம் ஒரு சுரத்தில் நிற்கும்போது அடுத்து என்ன ஆகுமோ என்று ஒரு பதற்றம் எனக்கு வருகிறது, எம்.எஸ்.ஸிடம் நிம்மதி வருகிறது, நான் தேடிப் போவது அந்தப் பதற்றத்தை. நுஸ்ரத்தை அதற்கும் கீழே வைப்பேன். ஆலாபில் அவர் நிற்கும் சில நொடிகளுக்கு என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் ச-ரி-க-ம என்று சுரங்களைப் பாடுகிற சர்கம் ஆரம்பித்துவிட்டால் எந்தச் சுரத்தையும் அவர் தனியாக விடுவதில்லை.

மார்லிக்கு என் தராசில் இடமே இல்லை. ரெக்கேயில் உயிர் இருப்பது சுரம் நிற்பதில் இல்லை, தாளத்தில் விடுகிற இடைவெளியில். அதற்கு வேறு தராசு வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் நாலாவதாக வைத்திருக்க மாட்டீர்கள். அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுதுங்கள். எம்.டி.ஆரை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், நண்பரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்